மழைக்காலத்தில் தரங்கம்பாடி: தங்கினால் நல்ல ஊர், வேனில் போனால் வீண்

நவம்பர், டிசம்பரில் தரங்கம்பாடி போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாகப் போகலாம். ஆனால் டென்மார்க்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்குப் பக்கத்திலேயே, பழைய ஊருக்குள்ளேயே அறை எடுத்துத் தங்குங்கள். ஒரே நாளில் ஆறு இடம் காட்டுகிறோம் என்று வேனில் ஏற்றிக்கொண்டு போகிற சுற்றுலாவை மட்டும் இந்த மாதங்களில் எடுக்கவே எடுக்காதீர்கள். அம்மா, அண்ணன் குடும்பம் எல்லாரோடும் போனதில் இந்த இரண்டுமே எங்களுக்கு வாய்த்தது. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

வேன் கதையை முதலில் முடித்துவிடலாம். வேளாங்கண்ணி, நாகூர், காரைக்கால், திருக்கடையூர், தரங்கம்பாடி, பூம்புகார் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இந்தப் பட்டியலை இந்தப் பக்கம் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். தவறு டிரைவர் மேல் இல்லை, பாவம் அவர், அலுவலகத்தில் சொன்ன வரிசையை மாற்ற அவருக்கு அதிகாரமே இல்லை. காலையில் நாகூரிலிருந்து கிளம்பும்போது வானம் வெளுத்திருந்தது, இப்போதே நேராகத் தரங்கம்பாடி போய்விடலாம், மழை வந்தபிறகு திருக்கடையூர் கோயிலுக்குள் இருந்துகொள்ளலாம் என்று கேட்டோம். அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார், வரிசைப்படிதான் என்று சொல்லிவிட்டார்கள். வெயில் இருந்த நேரமெல்லாம் கூரைக்கடியில் சாப்பாட்டு வரிசையில் நின்றோம், கடற்கரைக்கு வந்து இறங்கும்போது கொட்டுகிறது. அதோடு அன்று வெள்ளிக்கிழமை. கோட்டையும் அதற்குள் இருக்கிற அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். வருஷம் முழுக்க இதே வழியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, வெள்ளிக்கிழமைப் பயணத்துக்குப் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்தே மதில் சுவரைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. அதனால்தான் அண்ணனும் நானும் பேசி, வேனை அனுப்பிவிட்டு அங்கேயே தங்குவது என்று முடிவெடுத்தோம்.

இந்த ஊர் மழையின் குணம் தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி சுற்றலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரைக்கும், வருஷத்து மழையில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில்தான். கடலில் காற்றழுத்தத் தாழ்வு எதுவும் இல்லாத நாட்களில் விடாமல் பெய்வதில்லை. கிழக்கிலிருந்து ஒரு கருமேகம் வரும், அரை மணி நேரம் அடித்து ஊற்றும், விடும், பளிச்சென்று வெயில் வரும், துணி காயப்போடலாமா என்று நினைக்கும்போது அடுத்தது வந்துவிடும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் அடி பலமாக இருக்கிறது, பகலில் இடைவெளி அதிகம். காரைக்காலில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது, தரங்கம்பாடிக்குக் கூப்பிடு தூரம். அந்தப் படத்தை வானிலைத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேகக் கூட்டம் கடல் மேல் எங்கே நிற்கிறது, நம் பக்கம் நகர்கிறதா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். அண்ணன் மகள் அதைப் பார்த்துப் பார்த்து, "சித்தப்பா, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, கோட்டைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்பாள், சொன்னபடியே நடக்கும். பொதுவான வானிலைச் செயலிகளில் மூன்று நாளைக்கும் மழைப் படம் மட்டுமே போட்டிருக்கும், அதைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை.

இப்படி இடைவெளி பார்த்து ஓடுவது எல்லா ஊரிலும் நடக்காது, இங்கே நடக்கும், ஏனென்றால் பழைய ஊர் அவ்வளவு சின்னது. நகர வாயிலுக்குள் நுழைந்தால் நேராக ராஜ வீதி, அந்த வீதி முடிகிற இடத்தில் மைதானம், கோட்டை, கடல். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிதானமாக நடந்தாலே பத்து நிமிஷம் ஆகாது. தேவாலயங்கள், ஆளுநர் மாளிகை, பழைய வணிகர் வீடுகள் எல்லாம் இதற்குள்தான். மழை பிடித்தால் பக்கத்தில் ஏதாவது ஒரு வாசலில் ஒதுங்கிக்கொள்ளலாம். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் இங்கே வந்தார்கள். ஓவ் கெடே என்ற கடற்படைத் தளபதிதான் அவர்கள் பக்கம் பேசியவர். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டு 1845-ல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள், வங்காளத்தில் அவர்களிடம் இருந்த செராம்பூரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்து வியாபாரமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஊர் பெரிதாக வளராமல் நின்றதால்தான் அந்தத் தெருக்கள் இன்றைக்கும் அதே அளவில் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது இருக்கிற வாயில் 1792-ல் கட்டியது, வெள்ளை அடித்த கனத்த சுவரின் உச்சியில் டென்மார்க் அரச முத்திரை இருக்கிறது. தலையை உயர்த்திப் பார்க்காமல் போனால் கவனிக்காமலே போய்விடுவோம்.

சரி, தங்கிய இடம். பழைய காலத்து வீட்டை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. நல்லதை முதலில் சொல்கிறேன். மழைக்காலத்துக்கென்றே கட்டிய மாதிரி வீடு. அகலமான தாழ்வாரம் இருக்கிறது, அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சாரல் படாமல் மழையைப் பார்க்கலாம். உயரமான கூரை, தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்ட மெட்ராஸ் தளம். வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் உள்ளே மூச்சு முட்டவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சொன்னதும், கேட்காமலே கீழ் அறைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், குளிக்க வெந்நீர் வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது குறை. கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் வாடகை, ஆனால் கிழக்கே இருந்துதான் காற்றும் மழையும் வருகிறது, அந்த ஜன்னல் மரச்சட்டம் ஊறி உப்பி மூடவே மாட்டேன் என்கிறது. இரவில் இடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்து தரையில் நின்றது, துண்டு வைத்து அடைத்துவிட்டுப் படுத்தோம். சுவரில் கையளவு இடத்துக்குச் சுண்ணாம்பு உப்பி நிற்கிறது, தொட்டால் மாவாக உதிர்கிறது, உப்புக் காற்று வீசுகிற ஊரில் சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டால் இப்படித்தான் ஆகும், சுண்ணாம்பு வேலைக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டும். ஆகவே மழைக்காலத்தில் மேற்குப் பார்த்த அறை கேளுங்கள், தெருதான் தெரியும், ஆனால் காய்ந்த படுக்கையில் தூங்கலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் விளக்கும் மின்விசிறியும் மட்டும்தான், ஏசி ஓடாது. எனக்கு அதில் குறை இல்லை, முன்கூட்டியே சொன்னார்கள். சொல்லாத ஒன்று, பணம் திருப்பித் தருவது பற்றி. சிவப்பு எச்சரிக்கை வந்து நீங்கள் வரமுடியாமல் போனால் முன்பணம் திரும்ப வருமா, தேதியாவது மாற்றித் தருவார்களா என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அடுத்த அறையில் தங்க வேண்டியவர்கள் சாலையில் வெள்ளம் என்று வராமல் போனார்கள், அவர்கள் போனில் வாதாடியது வரவேற்பறை முழுக்கக் கேட்டது. மழைக்காலத்தில் அறை விற்கிறவர்கள் இதற்கு ஒரு விதி வைத்திருக்க வேண்டாமா?

டான்ஸ்போர்க் கோட்டைக்கு மறுநாள் காலையில் போனோம், மழை விட்ட உடனே. இந்த நேரத்தில் போவதுதான் நல்லது. கூட்டம் இல்லை, மஞ்சள் பூசிய சுவர் ஈரத்தில் நல்ல அடர் நிறமாகத் தெரிகிறது, மேலே நின்றால் கடலில் எங்கே மழை பெய்கிறது என்று தனித்தனிப் பட்டையாகப் பார்க்கலாம். கீழே வளைவுக் கூரை போட்ட கிடங்கு அறைகள் இருக்கின்றன, மேலே ஆளுநர் குடியிருந்த பகுதியும் சின்ன தேவாலயமும் இருந்திருக்கின்றன. அடுத்த மழை பிடித்துக்கொண்டபோது நாங்கள் கீழே அந்த வளைவு அறை ஒன்றில் நின்றோம், சத்தமே வேறு மாதிரி கேட்டது. அருங்காட்சியகம் சின்னது, பழைய பீங்கான், நாணயம், ஆவண நகல் என்று பொறுமையாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். விளக்க அட்டைகள் இன்னும் நன்றாக எழுதப்படலாம், பாதி இடத்தில் பொருளின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தானே நிற்கத் தோன்றும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், மேலே ஏறுகிற படிகள் ஈரத்தில் வழுக்குகின்றன, பிடித்து ஏறக் கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள், காவலர் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

இந்தக் கோட்டையில்தான் சீகன்பால்கு நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1706 ஜூலையில் புளூட்சோ என்ற தோழரோடு வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் அவர், டென்மார்க் அரசர் அனுப்பியவர், இங்கே இருந்த டென்மார்க் அதிகாரியோடே மோதல் வந்து உள்ளே போட்டார்கள். 1714-ல் தொடங்கி 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சடித்து முடித்தவர், அதற்குக் காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையே வைத்தார்கள். ஊரில் சில வழிகாட்டிகள் தமிழின் முதல் அச்சு இங்கேதான் என்கிறார்கள், அது சரியில்லை, 1578-லேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகிவிட்டது. இங்கே நடந்த வேலைக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை, அச்சுக்கூடத்தை விடாமல் நடத்தி, பள்ளிக்கூடம் வைத்து, தமிழ் படித்து, அகராதி தொகுத்து, இதெல்லாம் செய்த மனுஷன் இறந்தபோது வயது 36 தான். 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது, அதற்குள்ளேயே பலிபீடத்துக்கு முன்னால் அவருடைய கல்லறை. நாங்கள் போனபோது கோயில் ஊழியர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டு, "செருப்பைக் கழட்டிட்டு வாங்கம்மா, தரை ஈரமா இருக்கு, பார்த்து" என்று அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். எதிர்ப்பக்கம் சீயோன் ஆலயம், அது 1701, இன்னும் பழையது. இரண்டுக்கும் மழை ஒரு தடையே இல்லை, வானம் மூட்டமாக இருக்கும் நேரத்தை இவற்றுக்கு வைத்துக்கொண்டு, வெளுக்கும் நேரத்தைக் கோட்டைக்கும் கடற்கரைக்கும் கொடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பொற்கொல்லர் தெருதான். இங்கே டென்மார்க் பாணி இல்லை, நம் பக்கத்துத் திண்ணை வைத்த வீடுகள். 2004 சுனாமியில் ஊர் பெரிய அடி வாங்கிய பிறகு சில வீடுகளைப் பழைய முறையிலேயே சீர்செய்திருக்கிறார்கள். மரத்தூண், ஓட்டுக் கூரை, தாழ்வாக இறங்கி வருகிற இறவாரம், அதன் விளிம்பிலிருந்து மழைநீர் சரம் சரமாக இறங்குகிறது. திடீரென்று பிடித்துக்கொண்டதால் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றோம். உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி நிக்கிறீங்க, அம்மாவ உள்ள கூட்டிட்டு வாங்க, சாரல் அடிக்குது பாருங்க" என்றார். அம்மாவும் அவரும் மழை விடுகிறவரை பேசிக்கொண்டே இருந்தார்கள். சுனாமி அன்றைக்குக் காலையில் எந்த வழியாக ஓடினார்கள், தண்ணீர் எந்தச் சுவர் வரைக்கும் வந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். பேக்கேஜ் வேனில் வந்திருந்தால் இந்தத் தெருவுக்குள்ளேயே வந்திருக்க மாட்டோம், அவர்கள் பட்டியலில் இந்தத் தெரு கிடையாது.

மாசிலாமணிநாதர் கோயில் கடலை ஒட்டி நிற்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. பழைய கோயிலின் பெரும்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது, இப்போது கரையைக் காப்பாற்ற முன்னால் பாறாங்கற்கள் கொட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அலை அந்தக் கல்லில் மோதித் தலைக்கு மேல் தெறிக்கிறது, பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கல் மேல் ஏறிப் போட்டோ எடுக்காதீர்கள். பாசி பிடித்திருக்கிறது, இரண்டு கல்லுக்கு நடுவே கால் போனால் எடுக்கக்கூட முடியாது. இங்கே எச்சரிக்கைப் பலகை ஒன்று இருக்க வேண்டும், நாங்கள் பார்த்தவரை கண்ணில் படவில்லை. இடி இடிக்கும்போது திறந்த மணலிலும் நிற்காதீர்கள். படகுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், போதும். காற்று மாறினால் அவர்கள்தான் முதலில் ஃபைபர் படகுகளை டிராக்டர் கட்டி மேட்டுக்கு இழுப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், வந்து நின்று மூச்சு இழுத்தால் உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறார்கள், அம்மாவிடமும் ஒருவர் சொன்னார். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல்தான், ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். கடல் வாசனை என்று நாம் சொல்வதில் முக்கியமானது கடலில் இருக்கிற நுண்ணுயிர்களால் உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மத்தின் வாசனை. இங்கே காற்று சுத்தமாக இருக்கிறது, அதுவே பெரிய விஷயம்.

சாப்பாடு பற்றி எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போங்கள். மீன்பிடி ஊர்தானே, காலையில் பிடித்த மீன் கிடைக்கும் என்று நினைப்போம், ஆனால் வானிலைத் துறை கடலுக்குப் போக வேண்டாம் என்றால் படகு இறங்காது, அந்த நாட்களில் தட்டில் வருவது ஐஸில் வைத்த மீன். முதல் நாள் விடுதியில் வஞ்சிரம் வறுவல் சக்கை மாதிரி இருந்தது, அதற்கு வாங்கிய விலை நியாயமில்லை. மறுநாள் சமையல்காரரிடமே நேராகக் கேட்டேன். "அண்ணே, இன்னைக்கு மீன் வேணாம், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வெக்கிறேன், சாப்ட்டுப் பாருங்க" என்றார். கத்தரிக்காய் போட்டு, சின்ன வெங்காயம் முழுசாகப் போட்டு, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு, சூடான சோற்றோடு, வெளியே மழையோடு, நான் இந்தப் பயணத்தில் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம். இரவு எட்டரைக்குள் சமையலறையை மூடிவிடுகிறார்கள், ஊருக்குள் அதற்குப் பிறகு சாப்பிட இடம் இல்லை, வாயிலுக்கு வெளியே பேருந்து நிற்கிற பக்கம் போனால் பரோட்டா கிடைக்கும். குழந்தைகள் இருந்தால் பிஸ்கட், பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் திருக்கடையூர் மழை நாளுக்கு ஏற்ற இடம், பெரிய கோயில், உள்ளே நிறைய இடம் கூரைக்கடியில்தான். அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்று எப்போதும் கூட்டம், அதற்காகவே விடுதிகள் நிறைய இருக்கின்றன, தரங்கம்பாடியில் அறை கிடைக்கவில்லை என்றால் அங்கே தங்கிக்கொண்டு ஆட்டோவிலோ பேருந்திலோ வரலாம். பூம்புகாரைக் காற்று அடங்கிய நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காவிரி கடலில் சேருகிற இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் வேகமாக ஓடும், கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம்.

வழியைப் பொறுத்தவரை மயிலாடுதுறை வரைக்கும் ரயில், அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்து, அடிக்கடி இருக்கிறது. முன்னே தரங்கம்பாடி வரைக்குமே ரயில் ஓடியது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அது மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால் இந்த ஊருக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் கூடியிருப்பார்கள்! சொந்தக் காரில் வருகிறவர்கள் சிதம்பரம், சீர்காழி பக்கம் கனமழை எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது, அந்த மாதிரி மழைக்கு அந்தப் பக்கத்துச் சாலையும் வயலும் ஒன்றாகிவிடும்.

என் மதிப்பெண் கேட்டால் ஊருக்கு ஐந்துக்கு ஐந்து, விடுதிக்கு மூன்றரை, அதிலும் ஒன்று அந்தச் சமையல்காரருக்காகவே. வேன் நிறுவனத்துக்குக் கொடுக்க எதுவும் இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பாருங்கள். ஒன்றாம் எண் என்றால் புயல் சின்னம் எங்கோ தூரத்தில் இருக்கிறது, நிலவரத்தைக் கவனித்துக்கொண்டே கிளம்பலாம். மூன்றாம் எண் ஏறிவிட்டால் பயணத்தைத் தள்ளி வையுங்கள், ஜனவரி கடைசியில் மழை ஓய்ந்த பிறகு போனாலும் கோட்டை அங்கேதான் இருக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.